கொட்டிவாக்கத்துக்கு என்ன விலை

ஹெல்சிங்கியில் தக்காளி வாங்க வாயைத் திறக்க வேண்டாம். விலை அட்டையில் இருக்கும், தராசு தானே ஸ்டிக்கர் துப்பும், காசு வாங்கும் மெஷின் நன்றியைக்கூட எழுத்தில்தான் சொல்லும். முதல் மாதம் இது சொர்க்கம் என்று நினைத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் முட்டை அலமாரியைப் பார்த்து, "என்னங்க இது, போன வாரம் கம்மியா இருந்துதே?" என்று சத்தமாகத் தமிழில் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாக நகர்ந்து ரொட்டிப் பக்கம் போய்விட்டார்.

இத்தனைக்கும் என் வேலையே விலைதான். வீட்டுச் சாமான்களை ஃபோனில் விற்கும் கம்பெனி எங்களுடையது. எந்தப் பொருளுக்கு, எந்த நேரத்தில், என்ன விலை காட்டினால் ஆள் வாங்குவார் என்று பார்க்கும் குழுவில் இருக்கிறேன். கம்பெனிக்கு இந்தியாவில் கடை விரிக்கும் ஆசை வந்தது. "உன் ஊர்க்காரர்கள் எப்படி வாங்குகிறார்கள்? ஒரு வாரம் அவர்களோடு கடை கடையாக நடந்து பார்த்துவிட்டு வா, நித்யா" என்றார் மேலாளர் ஹென்ரிக். அவர் முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். சம்பளத்தோடு மயிலாப்பூர்!

உண்மையில் எனக்கு ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. அம்மாவோடும் ஷமீம் ஆன்ட்டியோடும் தி.நகர் போக வேண்டும்.

அம்மா பெயர் கமலா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். நான் காலேஜில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். எங்கள் ஃப்ளாட் முதல் மாடி; கீழ் வீட்டில் ஷமீம் ஆன்ட்டி. அவர் கணவருக்கு ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. இந்த இரண்டு பேரும் சேர்ந்து பேரம் பேசுவதைப் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள். அம்மா கடை வாசலில் நின்று துணியைத் தடவிக்கொண்டே விலை கேட்பாள். ஆன்ட்டி நாலடி தள்ளி நின்றுகொண்டு, "வா கமலா, நேரமாவுது" என்று அலுத்துக்கொள்வார். ஆசைப்படுகிறவளைப் பிடிப்பதா, கிளம்புகிறவரை நிறுத்துவதா என்று கடைக்காரர் தடுமாறும் அந்த நேரத்தில் விலை இறங்கிவிடும். அடுத்த கடையில் வேஷம் மாறும்: ஆன்ட்டி ஆசைப்படுவார், அம்மா அலுத்துக்கொள்வாள். நான் பைகளோடு பின்னால் நிற்பேன். சத்தமில்லாத அந்த ஊரில் நான் ஏங்கியது இட்லிக்குக்கூட இல்லை. "நேரமாவுது" என்ற அந்தப் பொய்க்குத்தான்.

போன வருஷம் ஆன்ட்டி குடும்பம் கொட்டிவாக்கத்தில் மகன் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் குடிபோனது தெரியும். அதனாலென்ன, மயிலாப்பூரிலிருந்து எவ்வளவு தூரம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. விமான நிலையத்திலிருந்து ஆட்டோ. ஆப்பில் ஒரு தொகை காட்டியது, டிரைவர் வேறொன்று சொன்னார்.

"ஆப்புல காட்றது ஆப்போட ரேட்டுமா. ரோட்டுல கீறது என் ரேட்டு."

"அப்புறம் எதுக்குண்ணா ஆப்?"

"நீ எங்க நிக்கறேன்னு தெரியணும்ல?" கிண்டி பாலம் ஏறும்போது தன் கதைக்கு வந்தார். "டெய்லி காலீல ஆப்காரனுக்குக் கட்டிட்டுதான் வண்டியே எட்க்கறேன். நான் கட்றது ஃபிக்ஸு. எனக்கு வர்றது மட்டும் லக்கு. இது இன்னா நாயம், நீயே சொல்லு."

ரேஸ் கோர்ஸ் தாண்டுவதற்குள் இதை ஹென்ரிக்குக்குத் தட்டி அனுப்பினேன். அவர் அதிகாலையில் எழுகிற ஜாதி. "அருமை. இந்த 'லக்'கை எப்படி அளக்கிறார்கள்?" என்று உடனே பதில் வந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் காபி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா கையால் ஆற்றிய காபி. மேலே நுரை, கீழே கொஞ்சம் கூடுதல் சர்க்கரை, அவள் எப்போதும் செய்கிற தப்பு. அரை டம்ளரில் கண் கலங்கியது. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். கூடத்து மூலையில் பழுப்பு அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"அம்மா, குளிச்சுட்டு வரேன். தி.நகர் போலாமா?"

"தி.நகரா? எதுக்குடி? இப்பல்லாம் யார் அங்கல்லாம் போறா? என்ன வேணும் சொல்லு, பத்து நிமிஷத்துல ஆத்துக்கே வந்துடும்."

"ஒண்ணும் வேண்டாம்மா. சும்மா போகணும்."

"சும்மா போறதுக்கு இந்த வெயில்ல யாராவது போவாளா? சாப்டுட்டுத் தூங்கு."

ஷமீம் ஆன்ட்டியையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றேன். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

திங்கட்கிழமை அடையாறு. என் வேலை இதுதான்: வாங்குகிறவர்களைக் கேட்பது, விற்கிறவர்களைப் பார்ப்பது. ஒரு ஜூஸ் கடையில் சாத்துக்குடிக்கு நின்றேன். ஃபோனில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று பழங்களுக்கு நடுவில் இருந்தது. அவசரமாகக் கிளம்பிய ஒரு பேன்ட் சட்டைக்காரர் தன் ஃபோன் திரையைக் காட்டினார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொட்டி சொல்லட்டும் சார்."

"போயிடுச்சுங்க, பச்சை டிக் பாருங்க."

"உன் ஃபோன்ல பச்சை வந்தா உனக்கு சந்தோஷம். என் பொட்டி பேசினாதான் எனக்கு சந்தோஷம். நில்லு."

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பேசியது. அவர் போனார். எங்கள் ஊரில், அதாவது அந்த ஊரில், மெஷின்களும் வாயைத் திறப்பதில்லையே என்று ஒரு நொடி பொறாமையாக இருந்தது.

மத்தியானம் காந்தி நகர்ப் பக்கம் ஒரு வீட்டில் பேட்டி. வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள், காய்கறி முழுக்க ஆப்பில்தான் வாங்குகிறார். ஆனால் கொத்தமல்லிக்கு மட்டும் தெருமுனை வண்டிக்கடை. ஏன் என்றேன்.

"ஆப்புல கருவேப்பிலைக்குத் தனியா காசு போடறான். என்ன துணிச்சல் பாருங்க! வண்டிக்காரர்னா கொசுறு தருவார். காசு பெருசில்லை. சும்மா குடுக்க வேண்டியதுக்கு பில் போட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

கொசுறு என்றால் என்ன என்று ஹென்ரிக்குக்கு விளக்க அரைமணி ஆனது. தள்ளுபடி அல்ல, பரிசு அல்ல, மாதிரிப் பொருளும் அல்ல என்றேன். "அப்படியானால் அதை விற்பனையாளர் எந்தக் கணக்கில் எழுதுகிறார்?" என்று கேட்டார். நான் மடிக்கணினியை மூடிவிட்டு வாழைப்பூ வடை சாப்பிடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் இருந்தேன். வேலை இல்லாமல் அல்ல. நான் தேடி வந்த வாடிக்கையாளர் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு ஃபோன் வைத்திருக்கிறாள், ஒன்று அவளுடையது, ஒன்று அப்பாவுடையது. ஒரே பருப்பை இரண்டிலும் தேடுகிறாள்.

"பாத்தியா? அப்பா ஃபோன்ல அஞ்சு ரூபா கம்மியா காட்டறது. அவர் ஒண்ணுமே வாங்க மாட்டார்னு அதுக்குத் தெரியும்போல. மயக்கப் பாக்கறது."

அதைவிடப் பெரிய வித்தை ஒன்று வைத்திருந்தாள். "எதையுமே உடனே வாங்கப்படாதுடி. கூடையில போட்டுட்டு விட்டுடணும். மறுநாள் கேக்கும், 'மறந்துட்டீங்களா?' பதில் சொல்லப்படாது. மூணாம் நாள் கெஞ்சும். அப்பறம் விலையைக் கொறைச்சுண்டு வரும். கடைக்காரனை விட்டுட்டு நடக்கறா மாதிரிதான். கூப்பிடற வரைக்கும் திரும்பிப் பாக்கப்படாது."

எனக்கு ஒரே பெருமை. அந்த 'மறந்துட்டீங்களா?'வை எழுதுவதற்கு எங்கள் ஆபீசில் மூன்று பேர் இருக்கிறோம். எங்களை அம்மா ஒற்றை ஆளாக உட்கார்ந்த இடத்திலிருந்து ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்தவள் டாக்ஸி ஆப்பைத் திறந்தாள். போகுமிடம் என்ற கட்டத்தில் 'கொ' என்று அடித்ததுமே கொட்டிவாக்கம் வந்து நின்றது. தொகையைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் எறங்கலை" என்று மூடிவிட்டாள்.

"என்னம்மா இது?"

"ஷமீம் ஆத்துக்கு. தினம் பாக்கறேன். எறங்கினா போலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தொழில்காரியாக விளக்க ஆரம்பித்தேன்: கூடையில் போட்ட சாமான் வேறு, டாக்ஸி வேறு. டாக்ஸி காத்திருப்பவர்களுக்காக விலையை இறக்காது. ஆறு மணிக்கு ஊரே வீடு திரும்பும்போது பார்த்தால் ஏறித்தான் இருக்கும். பதினொரு மணிக்குப் பார், பாதியாக இருக்கும். அதுவும் வேண்டாம், சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கொட்டிவாக்கத்துக்கு விலை பூஜ்யம்!

"தெரியும்" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுமா போகலை?"

அவள் இரண்டு ஃபோன்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள். ஆன்ட்டி புது வீட்டுக்குப் போனபோது, பால் காய்ச்சும் செய்தியை ஃப்ளாட் வாட்ஸாப் குழுவில் போட்டாராம். பூப்போட்ட கார்டு, நேரம், மேப். அவ்வளவுதான். மாடிப்படியில் ஏறி வந்து ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

"வாட்ச்மேனுக்கு வந்த அதே மெசேஜ்டி எனக்கும். நான் போகலை. வெறுங்கையா விடப்படாதுன்னு ஒரு குக்கரை ஆர்டர் போட்டு நேரா அவாத்துக்கே அனுப்பிச்சேன். நல்ல குக்கர். அஞ்சு லிட்டர். அதுக்கும் ஒரு கும்பிடு பொம்மை வந்துது. அவ்வளவுதான்."

"நீ ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"அவ கூப்பிடட்டும்" என்றாள்.

புதன்கிழமை கொட்டிவாக்கம் கிளம்பினேன். ஆன்ட்டியைப் பேட்டி எடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான். "எடுத்துக்கோ. உன் ஆபீஸ் வேலை" என்றாள். ஆனால் நான் செருப்பு மாட்டும்போது, "முழங்கால் வலி எப்படி இருக்குன்னு பாரு. கேக்காதே, பாரு" என்றாள்.

விலை பூஜ்யம் என்று பெரிதாகப் பேசினேனே, நான் ஏறியது டீலக்ஸ் பஸ். சீட்டில் சாய்ந்து, "லேடீஸ்" என்றேன், ஏதோ ரகசியக் குறிச்சொல் மாதிரி. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லேடீஸ்தான்மா. டிக்கெட் எங்க?"

பஸ்ஸே சிரித்தது. காசு கொடுத்து உட்கார்ந்தால், திருவான்மியூரில் அது கடற்கரைச் சாலைப் பக்கம் போகாமல் பழைய மகாபலிபுரம் சாலைக்குத் திரும்பிவிட்டது. இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து, ஷேர் ஆட்டோவில் தொற்றினேன். மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர். என் மடியில் யாருடைய மீன் கூடையோ. ஹெல்சிங்கி ட்ராமில் பக்கத்து சீட் காலியாக இருந்தால்தான் உட்காருவார்கள். இங்கே என் முழங்கை எது, பக்கத்துப் பெண்ணின் முழங்கை எது என்று தெரியவில்லை. எனக்கு இறங்கவே மனமில்லை.

ஷமீம் ஆன்ட்டி கதவைத் திறந்ததும் என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"அரே நித்தி! இன்னாடி இப்டி எளச்சிட்ட? அங்க சோறு விலை ஜாஸ்தியா?"

முழங்காலைப் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். லிஃப்ட் உள்ள வீடு, கடல் காற்று வரும் பால்கனி, வெள்ளை வெளேரென்று சமையலறை. பகாரா சாதமும் தால்ச்சாவும் வைத்தார்.

"பயப்படாத. கறி போடாத தால்ச்சாதான். தனிப் பாத்திரம்."

"நான் எல்லாம் சாப்பிடுவேன் ஆன்ட்டி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"உங்கம்மாக்குத் தெரியும். காலேஜ்லயே தெரியும்."

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், இங்கே கடையெல்லாம் எப்படி என்று. ஆன்ட்டி கையை விரித்தார். "இன்னா கடை? ஏசி கடை. ஒட்டின ரேட்டு. அங்க நிக்கிற பொண்ணுகிட்ட 'கொறச்சிக்கோமா'ன்னேன், 'ஆன்ட்டி, எனக்கு பட்டனே இல்ல'ன்றா. பாவம், அவ மேல இன்னா தப்பு? தனியா போயி பேரம் பேசினா பிச்ச கேக்கறாப்ல கீது. ரெண்டு பேர் வேணும் அதுக்கு."

அலமாரியின் மேல் தட்டில் ஒரு குக்கர் பெட்டி இருந்தது. அனுப்பியபோது ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை. என் கண் போன இடத்தை ஆன்ட்டி பார்த்துவிட்டார்.

"பிரிக்கல" என்றார். "டெலிவரிக்காரன் வந்தான், ஓடிபி கேட்டான், குடுத்துட்டுப் போனான். என் கமலா எனக்கு ஒரு பொருளை ஓடிபி போட்டு அனுப்புவாளா நித்தி?"

"நீங்க குரூப்ல கூப்பிட்டீங்கன்னு அம்மாவுக்கு..."

"அவள நான் கூப்டணுமா?" குரல் உயர்ந்தது. "இந்த வீட்ட வாங்கலாமா வேணாமான்னு என் புருசனுக்கு முன்னாடி அவளத்தான் கேட்டேன். கூப்புட்றதெல்லாம் விருந்தாளிங்கள. அவ இன்னா விருந்தாளியா? பால் பொங்கறப்ப வாசலையே பாத்துக்கினு நின்னேன்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே ஆன்ட்டி?"

"அவ வரட்டும்."

திரும்பும் வழியில் சாதா பஸ்ஸே கிடைத்தது, ஜன்னல் சீட்டும் கிடைத்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை. சாமர்த்தியசாலிகளான இரண்டு பேர், கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று நம்பி, ஆளுக்கொரு திசையில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கூப்பிட வேண்டிய இடத்தில், கல்லாவில், யாருமே இல்லை. நான் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவேன். அதற்கப்புறம் அம்மா தினம் ஆறு மணிக்கு அந்த ஆப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

வியாழக்கிழமை கிண்டியில் ஒரு கிடங்கில் நாள் போனது. பத்து நிமிஷ டெலிவரி எப்படி நடக்கிறது என்று காட்டினார்கள். அலமாரிகளுக்கு நடுவில் பையன்கள் ஓடினார்கள். என் மனது மட்டும் வேறெங்கோ ஓடியது. சாயங்காலம் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்து ஒரே விஷயத்தைச் சொன்னேன். மறைத்து எதுவும் செய்யவில்லை. என் ஆபீசுக்கு, ஒன்றாகக் கடைக்குப் போகும் இரண்டு பெண்களோடு நடந்து பார்க்க வேண்டும். நாளைக் காலை, தி.நகர். எனக்கு வேறு யாரையும் தெரியாது.

"அவளும் வராளா?" என்றாள் அம்மா.

"அவங்களையும் கூப்பிடப்போறேன்."

"உன் வேலைக்காக வரேன். அவளுக்காக இல்லை."

ஆன்ட்டி, "அவ ஒத்துக்கினாளா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி. உன் வேல கெடக்கூடாதுல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை. என் விமானம் அன்று சாயங்காலம். அம்மா விடியும் முன்பே எழுந்து புளியோதரை கட்டிவைத்துவிட்டாள். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு அடியில் ஆன்ட்டி நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, பஸ் ஸ்டாப்பில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரித் தலையசைத்தார்கள்.

"ஆன்ட்டிக்குக் கூட்டத்துல முடியுமான்னு கேளுடி" என்றாள் அம்மா, என்னிடம்.

"முடியும்னு சொல்லு" என்றார் ஆன்ட்டி, அவரும் என்னிடம்.

ரங்கநாதன் தெரு எப்போதும் போலத்தான் இருந்தது: தலைகள், பைகள், மைக்கில் கத்தும் தள்ளுபடிகள், வறுத்த சோள வாசனை. நான் இரண்டு வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அதே காட்சிக்குள் நின்றேன். ஆனால் இரண்டு பேரும் என் இரு பக்கத்தில் நடந்தார்கள், நடுவில் நான் சுவர் மாதிரி. ஒரு நைட்டிக் கடையில் அம்மா நின்றாள். துணியைத் தடவினாள். விலை கேட்டாள். கடைக்காரப் பெண் சொன்னாள். அம்மா துணியைத் திருப்பினாள், தையலைப் பார்த்தாள், கொஞ்சம் காத்திருந்தாள். இப்போது ஆன்ட்டி அலுத்துக்கொள்ள வேண்டும்.

ஆன்ட்டி எதிர்க்கடைப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அந்தப் பெண் சொன்ன விலையையே கொடுத்து நைட்டியை வாங்கிக்கொண்டாள். என் வாழ்நாளில் அவள் தெருக்கடையில் கேட்ட விலை கொடுத்து நான் பார்த்ததில்லை. கடைக்காரப் பெண்ணே ஒரு நொடி விழித்தாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆபீஸ் வேலை என்று ஒப்புக்கு ஒரு பாத்திரக் கடைக்குள் கூட்டிப்போனேன். விற்பனைப் பையன் நேராக ஆன்ட்டியிடம் வந்தான்.

"ஆன்ட்டி, புது மாடல் குக்கர். பாருங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கீது."

"குக்கர் வாணாம்பா. வூட்ல ஒண்ணு பிரிக்காமயே கீது."

அம்மா சட்டென்று திரும்பினாள். நான் குக்கர் பெட்டியைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை.

"பிரிக்கலையா?" முதல் தடவையாக நேராகக் கேட்டாள். "ஒரு வருஷம் ஆறது ஷமீம். பிரிக்கவே இல்லையா?"

"இல்ல."

"வேண்டாம்னா திருப்பி அனுப்பியிருக்கலாமே. அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு."

"உன் பட்டனு, உன் ஓடிபி! குக்கர் வந்துச்சி. நீ வந்தியா?"

"மெசேஜ்ல கூப்பிட்டவளுக்கு குக்கர் கூரியர்லதான் வரும்!"

கடையில் நான்கு பேர் திரும்பினார்கள். பையன் இன்னும் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தான். "ஆன்ட்டி, ரெண்டா எடுத்தா இன்னும் கொறையும்" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீ சும்மாரு!" என்றார்கள்.

அம்மா பையன் கையிலிருந்த குக்கரைக் காட்டினாள். "அஞ்சு லிட்டர் எதுக்குத் தேடிப் பிடிச்சு வாங்கினேன் தெரியுமா? உன் பழைய குக்கர்ல பிரியாணி அடிப்பிடிக்கறதுன்னு நீதானே பொலம்புவ? கனமான அடி வேணும்னு ஒரு வாரம் கூடையில வெச்சுப் பாத்து... அது உனக்கு வேண்டாத சாமானாப் போயிடுத்து."

"பிரியாணிக்கா வாங்கின?"

"பின்ன எதுக்கு?"

ஆன்ட்டி பக்கத்திலிருந்த இட்லிப் பானையைப் பிடித்துக்கொண்டார். "அட பைத்தியக்காரி. அதுல கறியே படக்கூடாதுன்னு பிரிக்காம வெச்சிக்கினு கீறேன். எம் மருமவ ரெண்டு தபா கேட்டுட்டா. தொடாதன்னுட்டேன். கமலா வருவா, மொத மொதல்ல அவளுக்குப் பருப்பு வேவணும் அதுல, அப்புறம்தான் மத்ததுன்னு..."

பையன் குக்கர் மூடியை மெதுவாக மூடினான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாரண்டி போச்சே, ஷமீம்."

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் ஸ்டீல் டம்ளர்கள் அதிர்ந்திருக்கும். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்த நெரிசலில், வழியை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, நவுந்து நின்னு சிரிங்கம்மா" என்றார்.

"வா" என்றார் ஆன்ட்டி. "வந்து நீயே பிரி."

"எப்போ?"

"இப்போ."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் நான் கிளம்பியபோது அம்மா விமான நிலையம் வந்தாள். நான் உள்ளே போய் மறைகிற வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். இந்த மத்தியானத்தை நான் எனக்காக வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு அவள் மடியில் கொஞ்ச நேரம் தலைவைத்துப் படுக்க வேண்டும், பிறகு ஒன்றாக டாக்ஸியில் போக வேண்டும் என்று.

"எத்தனை மணிக்குடி நீ கிளம்பணும்?"

"நாலுக்கு."

"அதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?"

முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். கடற்கரைச் சாலை வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று சென்னையில் யாருக்குத் தெரியாது?

"நீ போம்மா" என்றேன். "எனக்கென்ன, பெட்டி கட்டியாச்சு. புளியோதரை இருக்கு."

இல்லை, உன்னை அனுப்பிவிட்டே போகிறேன் என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் என் நெற்றியில் கை வைத்தாள். "பத்திரமா போ. கதவைப் பூட்டிட்டு சாவியைப் பக்கத்தாத்துல குடுத்துடு" என்றாள்.

உஸ்மான் சாலையில் ஆட்டோவை நிறுத்தினார்கள். டிரைவர், "கொட்டிவாக்கமா? ரிட்டர்ன் சவாரி கெடைக்காதும்மா, கொஞ்சம் மேல..." என்று ஆரம்பித்தார்.

"நீ எடுப்பா" என்றாள் அம்மா. எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆன்ட்டியின் முழங்காலைப் பார்த்து, அவரை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு தான் ஏறினாள். ஆட்டோ கிளம்பும்போதே இருவர் கைகளும் ஆடத் தொடங்கிவிட்டன, ஒரு வருஷத்துப் பேச்சு.

நான் மயிலாப்பூர் போய், புளியோதரையைச் சமையலறை மேடையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கதவைப் பூட்டினேன். டாக்ஸி டிரைவர் வழி முழுக்கத் தன் தம்பிக்குக் கனடா விசா கிடைத்த கதையைச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் யாரோ நின்று கையாட்டினார்கள். போன தடவை ஞாபகத்தில் நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

விமானம் ஏறும் வாசலில் வரிசை நகர ஆரம்பித்தபோது அம்மாவைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்தது.

"சொல்லுடி. உள்ள போயிட்டியா?" பின்னால் ஒரே இரைச்சல். குக்கர் விசில். ஆன்ட்டியின் குரல்: "ஏய், எத்தினி விசில் ஆச்சி?"

"போயிட்டேன்மா. நீ..."

"மூணு ஷமீம்! இல்ல, நாலா? நீ பேசிப் பேசி எண்ண விடலையே... நித்தி, இரு, பருப்பு கொழஞ்சுடும். அப்பறம் பேசறேன்டி."

வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசியிருக்கிறோம். "வேற?" என்பாள், "அப்பறம்?" என்பாள், மழை பெய்கிறதா என்பாள், ஒரு தடவைகூட அவளாக முதலில் வைத்ததில்லை.

பின்னால் நின்றவர் நகரச் சொல்லி லேசாக இருமினார். நகர்ந்தேன். ஃபோனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. இந்நேரம் அடுத்த விசில் வந்திருக்கும்.